நடு லிப்ட் ஓடவில்லை

அத்தியாயம் 5

“பொய்யன்னு எழுதியிருக்காங்கம்மா. என்னைப் பொய்யன்னு எழுதி, கீழ சீலும் குத்தியிருக்காங்க.”

லிப்ட் காண்ட்ராக்டர் இதை நாலாவது தடவையாகச் சொன்னார். முதல் மூன்று தடவையும் கத்தினார். இப்போது தொண்டை கட்டிவிட்டதால் மெதுவாகச் சொன்னார். கேட்கிறவர்களுக்கு மெதுவாகச் சொன்னதுதான் அதிகமாகச் சுட்டது.

அரசு ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், லிப்ட்களுக்கு எதிரே இருந்த இரும்பு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காண்ட்ராக்டர். ஒரு பக்கம் துப்பறிவாளர் கடுகு. ஆள் உயரம் கம்மி, கோபம் ஜாஸ்தி, சட்டென்று வெடிப்பாள். அதனால் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு, இன்றைக்கு ஆபீஸ் போர்டிலேயே ஏறிவிட்டது. இன்னொரு பக்கம் அவளுடைய கொழுந்தன். புருஷனுக்குத் தம்பி, ஆபீசுக்கு அசிஸ்டென்ட், வாய்க்குப் பூட்டே கிடையாது.

கேஸ் இதுதான். இந்த ஆஸ்பத்திரியின் லிப்ட்களைப் பராமரிக்கக் கட்டடப் பராமரிப்பு வாரியம் டெண்டர் கேட்டிருந்தது. விலை சொல்வதற்கு முன்னால் ஒவ்வொருவரும் நேரில் வந்து லிப்ட்களைப் பார்த்தாக வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தார்கள். முதல் நாளே வந்து பார்த்தேன் என்கிறார் காண்ட்ராக்டர். வரவே இல்லை, வந்ததாகப் புளுகுகிறார் என்று சொல்லி அவருடைய டெண்டரைத் தள்ளுபடி செய்துவிட்டது வாரியம். அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பொய் சொன்னவர் என்று கறுப்புப் பட்டியலில் வேறு போடப்போகிறார்களாம். அதில் ஏறிவிட்டால் இனி எந்த அரசுக் கட்டடத்திலும் அவர் ஒரு ஸ்க்ரூவைக்கூட முடுக்க முடியாது. அவரை நம்பி இருக்கும் ஆறு மெக்கானிக்குகளும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

மேல்முறையீட்டு விசாரணை இன்று மத்தியானம். இதே வளாகத்தில், வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில். இவர்கள் கையில் இருந்த சாட்சி பூஜ்யம்.

“கேமரா?” என்றாள் கடுகு.

“இருக்கு அண்ணி,” என்றான் கொழுந்தன். “போன வருஷமே கண்ணு போயிடுச்சாம். ஆஸ்பத்திரிலதான் இருக்கு, இருந்தும் யாரும் வைத்தியம் பாக்கல.”

“நீங்க வந்தன்னைக்கு உங்களை யார் பார்த்தாங்க?” காண்ட்ராக்டரிடம் கேட்டாள்.

“அந்த என்ஜினியர்தான் பார்த்தான். பார்த்து, நாயைத் துரத்துற மாதிரி துரத்தினான். ‘உனக்கு யாருய்யா இங்க வேலை கொடுக்கப் போறது’ன்னான். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. அடிச்சிடுவேனோன்னு பயந்து அப்படியே இறங்கி வந்துட்டேன். இப்ப அவனே நான் வரலைங்கறான்.”

எதிரே மூன்று லிப்ட்கள். வலது பக்கத்தது ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும். இடது பக்கத்ததன் முன்னால் கூட்டம் வாசல்வரை வளைந்து நின்றது. நடு லிப்ட்டின் கதவில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கியது.

காண்ட்ராக்டர் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “பாருங்க லட்சணத்தை. நான் இருந்தா ஒரு மணி நேரம் இப்படி நிக்க விடுவேனா? மூணு வாரமா நிக்குதாம். வெக்கங்கெட்டவனுங்க.”

கடுகு எழுந்தாள். “வாடா தம்பி. அன்னைக்கு இங்க இருந்த யாராவது ஒரு ஆளைப் பிடிப்போம்.”

பிடித்த ஆள் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவரும் கோபத்தில்தான் இருந்தார். அந்தக் கட்டடத்தில் அன்று கோபமில்லாத ஆள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

“டெண்டர் பாக்க வந்தவங்களா? எனக்கு யாரையும் தெரியாது மேடம். வாசல்ல மேஜை போடச் சொன்னாங்க, தூக்கிட்டு வந்து போட்டேன். அவ்ளோதான். அன்னைக்கு மத்தியானம் இந்தச் சனியன் நின்னுச்சு. அதுலேருந்து எங்க உசுரு போகுது.”

“எந்தச் சனியன்?”

“நடு லிப்ட்டுதான். கிட்னி வார்டு நாலாவது மாடி. ரத்தம் சுத்தம் பண்ணிக்க வர்றவங்களால நடக்கவே முடியாது. இடது லிப்ட்டுல இடம் கிடைக்காம வீட்டு ஆளுங்களே முதுகுல தூக்கிட்டு ஏறுறாங்க. நானும் எத்தனை பேரைத்தான் தூக்குறது?”

“அன்னைக்குத்தான் நின்னுச்சுன்னு உறுதியா சொல்றீங்களா?”

“மேஜையைத் திரும்ப ஸ்டோருக்குக் கொண்டு போகலாம்னு லிப்ட்டைக் கூப்பிட்டேன், வரல. மறுநாளும் டெண்டர்காரங்க பாக்க வருவாங்க, மேஜை இங்கேயே கிடக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் வேலை முடிஞ்சதும் ஆறு மாடி தலையில வச்சுத் தூக்கிட்டுப் போனேன். மறப்பேனா?”

“ரிப்பேர் பண்ண யாரும் வரலையா?”

“யாரு வருவா?” என்று கேட்டுவிட்டு அவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கடுகு நேராக ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த மேனேஜர் தலையைத் தூக்காமலே சொன்னார். “அது வாரியத்தோட லிப்ட். அவங்கதான் நிறுத்தி வச்சிருக்காங்க. நாங்க தலையிட முடியாது.” வளாகத்தின் மறுகோடியில் வாரியத்தின் குமாஸ்தா, “ஆஸ்பத்திரிதான் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கும். அவங்க புகார் கொடுக்காம நாங்க எப்படிப் போறது?” என்றார்.

“புகார் வந்ததா?”

“வரல.”

“ஏன் வரல?”

“பழுதுன்னு அட்டை தொங்குதே. அட்டை தொங்குதுன்னா யாரோ புகார் கொடுத்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?”

கடுகுக்குக் காது மடல் சிவந்தது. நோயாளியைச் சுமந்துகொண்டு ஜனங்கள் படியேறுகிறார்கள். இங்கே இரண்டு ஆபீஸும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கின்றன. அட்டையை மாட்டியது யார் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை.

“அண்ணி, மூஞ்சி சரியில்ல. விசாரணையில யாரையும் கடிச்சு வச்சிடாதீங்க. அண்ணன் என்னைத்தான் கேப்பாரு.”

“வாயை மூடிட்டு வா.”

மேல்முறையீட்டு அதிகாரி ரிட்டயர்மெண்டை எட்டிப் பிடிக்கும் வயதுக்காரர். மேஜையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். அவருக்கு வலப்புறம் வாரியத்தின் என்ஜினியர், வெள்ளைச் சட்டையில் கசங்கல் இல்லாமல். பக்கத்தில் டெண்டரை ஜெயித்த கம்பெனியின் மேனேஜர், அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு. காண்ட்ராக்டருக்கு உதவியாகக் கடுகு உட்கார அனுமதி கிடைத்தது. கொழுந்தனுக்கு நாற்காலி கிடைக்கவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டான்.

“சுருக்கமா முடிப்போம்,” என்றார் அதிகாரி. “என்ஜினியர், நீங்க சொல்லுங்க.”

“ரெண்டு நாளும் வாசல்ல மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன் சார். இவர் வரல. மொட்டை மாடியில மெஷின் ரூம்ல வச்சு நான் இவரைத் திட்டினதா எழுதியிருக்காரு. நான் அந்த மெஷின் ரூம் பக்கம் போயே ஆறு மாசம் ஆச்சு.”

“அடப்பாவி,” என்று காண்ட்ராக்டர் எழுந்தார். கடுகு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கோட்டுக்காரர் தானாகவே முன்வந்தார். “நாங்க முறைப்படி வந்தோம் சார். ரெண்டாவது நாள் காலைல. மூணு லிப்ட்டுலயும் ஏறி இறங்கிப் பார்த்தோம்.”

“மூணுலயுமா?” என்றாள் கடுகு.

“மூணுலயும்தான்.”

“நடு லிப்ட் எப்படி இருந்துச்சு?”

“பிரமாதம். இருக்கறதுலயே அதுதான் பஞ்சு மாதிரி ஓடுச்சு.”

சுவரோரம் கொழுந்தன் இருமினான். சிரிப்பை அடக்கும்போது வருகிற இருமல் அது.

“சார், நடு லிப்ட் முதல் நாள் மத்தியானமே நின்னு போச்சு,” என்றாள் கடுகு. “இன்னிக்கு வரைக்கும் ஓடல. ஸ்ட்ரெச்சர் தள்றவரைக் கூப்பிட்டுக் கேளுங்க. ஓடாத லிப்ட்டுல இவர் எப்படி ஏறி இறங்கினாரு?”

கோட்டுக்காரர் என்ஜினியரைப் பார்த்தார். என்ஜினியர் கூரையைப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, “ஸ்ட்ரெச்சர் தள்றவங்களுக்கு நாள் கிழமையெல்லாம் ஞாபகம் இருக்குமா சார்? மூணாவது நாள் நின்னிருக்கும்,” என்றார். “அப்படியே இருந்தாலும் அது இவங்க கம்பெனி விவகாரம். இந்த ஆள் வந்ததுக்கு அது எப்படி சாட்சி ஆகும்?”

அதிலும் நியாயம் இருந்தது. கோட்டுக்காரர் வரவில்லை என்று நிரூபித்தால் கோட்டுக்காரர் கெடுவார். காண்ட்ராக்டர் வந்தார் என்று ஆகாது. கடுகு உதட்டைக் கடித்தாள். அதிகாரி கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

காண்ட்ராக்டரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “வந்தேன் சார். வாசல் மேஜையில அப்ப யாருமே இல்ல. இறங்கும்போது கையெழுத்துப் போட்டுக்கலாம்னு நேரா மொட்டை மாடிக்கு ஏறினேன். மெஷின் ரூமுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. இடது லிப்ட்டைப் பார்த்தேன். அப்புறம் நடு லிப்ட். மெயின் சுவிட்சை இறக்கினேன், என் பூட்டைப் போட்டேன், பிரேக்கைப் பார்த்தேன், இரும்புக் கயித்தைக் கையால தடவிப் பார்த்தேன். ஒரு இழை பிஞ்சிருக்கு. வராதவனுக்கு இது எப்படித் தெரியும்? அப்பதான் இவர் மேல வந்து கத்தினாரு. நானும் கத்தினேன். பையைத் தூக்கிட்டு இறங்கிட்டேன்.”

கடுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பூட்டா? சுவிட்சுக்கு எதுக்குப் பூட்டு?”

“எங்க வேலையில அது கட்டாயம்மா. லிப்ட்டுல கை வைக்கிறவன் முதல்ல கரண்டை இறக்கி, சுவிட்சுல தன் சொந்தப் பூட்டை மாட்டணும். சாவி அவன் பாக்கெட்டுல இருக்கணும். அவனே வந்து திறக்கிற வரைக்கும் எவனும் கரண்ட் போட முடியாது. என் கூட வேலை கத்துக்கிட்ட ஒருத்தன் உள்ள இருக்கும்போது யாரோ தெரியாம சுவிட்சைப் போட்டுட்டாங்க. அவனைத் துணியில சுத்தித்தான் கொடுத்தாங்க. அன்னையிலேருந்து பூட்டுப் போடாம நான் கை வச்சதே இல்ல.”

“சண்டை போட்டுட்டு இறங்கினீங்களே. அப்ப அந்தப் பூட்டைத் திறந்தீங்களா?”

காண்ட்ராக்டர் வாயைத் திறந்தார். கை தானாக இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போனது. ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றது. முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்தது. கடுகுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

என்ஜினியர்தான் முந்திக்கொண்டார். “கதை விடுறாரு சார். மேல ஏதோ ஒரு பூட்டு தொங்குதுன்னா அது இவரோடதுன்னு ஆயிடுமா? அதுல பேரு, சீட்டு எதுவுமே இல்லையே.”

கடுகு மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

“மேல பூட்டு தொங்குதுன்னு யார் சொன்னாங்க சார்?” என்றாள் கடுகு. குரலில் சர்க்கரை தடவியிருந்தது. “திறந்தீங்களான்னு நான் இவரைத்தான் கேட்டேன். இவர் இன்னும் பதிலே சொல்லல. ஆறு மாசமா அந்தப் பக்கமே போகாத உங்களுக்கு, அது தொங்குறதும் தெரியுது, அதுல சீட்டு இல்லாததும் தெரியுது.”

என்ஜினியர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடிப்பதற்குள் அது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தது.

“ஆனா சீட்டு இருக்கும்,” என்றார் காண்ட்ராக்டர் தரையைப் பார்த்தபடி. “என் பேரு, போன் நம்பர், போட்டோ எல்லாம் ஒட்டின பிளாஸ்டிக் சீட்டு. பூட்டு வளையத்துல கம்பி போட்டுக் கட்டியிருப்பேன்.”

அதிகாரி கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு எழுந்தார். “மேல போவோம்.”

மேலே போவது என்றால் ஏழு மாடி. இடது லிப்ட்டின் கூட்டத்தைப் பார்த்த அதிகாரி படிப்பக்கம் திரும்பினார்.

“நியாயம் கிடைக்கும் அண்ணி. மொட்டை மாடியில கிடைக்கும்,” என்றான் கொழுந்தன். மூன்றாவது மாடியில் அவனுக்கே மூச்சு வாங்கியது, ஜோக் நின்றது.

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் காண்ட்ராக்டர் கடுகின் பக்கத்தில் வந்தார். “விட்டுடலாம்மா,” என்றார் மெல்ல. “நான் தோத்துட்டே போறேன். பொய்யன்னே இருக்கட்டும்.”

“என்ன உளர்றீங்க? ஜெயிக்கப் போறோம்.”

“அந்தப் பூட்டை என் சாவி திறந்துச்சுன்னா, மூணு வாரமா இந்த லிப்ட்டை நிறுத்தி வச்சவன் நான்தான்னு ஆகும். கீழ உட்கார்ந்து யாரையெல்லாம் வெக்கங்கெட்டவன்னு சொன்னேன், கேட்டீங்கல்ல? பூட்டை மறந்துட்டுப் போறவனை எங்க வேலையில யாரும் மதிக்க மாட்டான். என் பசங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

கடுகுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து சேர்ந்தது எல்லாம், இப்போது தன் கட்சிக்காரர் மேலேயே திரும்பியது.

“உங்க மானம் உங்களுக்குப் பெருசு. அவனுக்கு அவன் பொய் பெருசு. நடுவுல கிட்னி போனவன் முதுகுல ஏறிப் போறான். இறங்கிப் போறதுன்னா போங்க. ஆனா சாவியைக் கொடுத்துட்டுப் போங்க. நான் திறக்கிறேன்.”

காண்ட்ராக்டர் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அது முடியாதும்மா,” என்றார். “போட்டவன்தான் திறக்கணும்.” மேலே ஏறத் தொடங்கினார்.

மெஷின் ரூமில் எண்ணெய் நாற்றம். சுவரில் மூன்று பெரிய சுவிட்சுகள். நடுச் சுவிட்சின் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அதன் துளையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த பூட்டு. வளையத்தில் ஒரு துண்டுக் கம்பி, கம்பியின் நுனியில் நகத்தளவு பிளாஸ்டிக். மீதியை யாரோ பிய்த்து எடுத்திருந்தார்கள்.

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் கடுகு விடவில்லை. என்ஜினியரின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். அவருடைய மார்பு உயரம்தான் இருந்தாள்.

“இவர் கோபத்துல மறந்துட்டுப் போனாரு. நீங்க அன்னைக்கே பார்த்தீங்க. ஒரு போன் பண்ணியிருந்தா பத்து நிமிஷத்துல வந்து திறந்திருப்பாரு. ஆனா போன் பண்ணினா அவர் வந்ததை ஒத்துக்கணுமே. பூட்டை உடைக்கச் சொன்னா, யார் பூட்டுன்னு உடைக்கிறவன் கேப்பான். அதனால சீட்டைப் பிச்சுட்டு, கீழ ‘பழுது’ன்னு அட்டையை மாட்டிட்டீங்க. ஒரு டெண்டரைத் தள்ளுறதுக்காக ஒரு ஆஸ்பத்திரியோட லிப்ட்டை மூணு வாரம் சாகடிச்சீங்க. வீட்ல சோறு எப்படி இறங்குச்சு உங்களுக்கு?”

என்ஜினியர் அதிகாரியிடம் திரும்பி, “சார், பூட்டு இவரோடதுன்னா, லிப்ட்டை நிறுத்தினதும் இவர்தானே? இவர் மேலதானே நடவடிக்கை எடுக்கணும்?” என்றார்.

“ஆமா,” என்றார் காண்ட்ராக்டர். “நான்தான்.”

சாவி ஒரே திருப்பில் திறந்தது. காண்ட்ராக்டர் உடனே கரண்டைப் போடவில்லை. பிய்ந்த இழையை மறுபடி தடவிப் பார்த்தார், மற்ற கயிறுகளையும் பார்த்தார், பிரேக்கைச் சோதித்தார். “ஒரு இழைதான். ஓடலாம். ஆனா இந்த வாரமே கயித்தை மாத்தியாகணும்,” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கைப்பிடியை மேலே தூக்கினார். மோட்டார் செருமிக்கொண்டு உயிர் பெற்றது.

அதிகாரி மொட்டை மாடியிலேயே, கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றியபடி முடிவைச் சொன்னார். தள்ளுபடி உத்தரவு ரத்து. கறுப்புப் பட்டியல் பேச்சே கிடையாது. ஜெயித்த கம்பெனியின் டெண்டர் நிறுத்தி வைக்கப்படும், இவருடையது மறுபடி பரிசீலிக்கப்படும். பூட்டு விஷயத்தில் காண்ட்ராக்டர் தனியாக விளக்கம் தர வேண்டும். சீட்டு விஷயத்தில் என்ஜினியர் விளக்கம் தருவார், அதுவும் வேலையில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. கோட்டுக்காரர் எப்போது நழுவினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

“ஜெயிச்சுட்டீங்க,” என்றான் கொழுந்தன். காண்ட்ராக்டர் தலையாட்டினார். சிரிக்கவில்லை.

நடு லிப்ட்டிலேயே இறங்கினார்கள். அதிகாரி, என்ஜினியர், காண்ட்ராக்டர், கடுகு, கொழுந்தன், ஐந்து பேர். நாலாவது மாடியில் லிப்ட் தானாக நின்று கதவு திறந்தது. வெளியே சக்கர நாற்காலியில் ஒருவர், தலை தொங்கியபடி. பின்னால் அவர் மனைவி, தோளில் மருந்துப் பை. பொத்தானை அழுத்திய விரலை இன்னும் எடுக்கவில்லை.

“ஓடுதா?” என்றாள் அவள்.

“ஓடுதும்மா,” என்றான் கொழுந்தன். “இதோ இவர்தான் சரி…”

“நான்தாம்மா நிறுத்தினவன்,” என்று காண்ட்ராக்டர் குறுக்கே புகுந்தார். “பூட்டைப் போட்டுட்டு, சண்டையில மறந்துட்டுப் போயிட்டேன். பூட்டிக் கிடக்குன்னு இந்த என்ஜினியருக்குத் தெரியும். இவர் சொல்லல.”

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதிகாரியை, கடுகை, கொழுந்தனை. எல்லாரும் அவளுக்கு ஒரே கூட்டமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

“வாரத்துக்கு ரெண்டு தடவை இவரை முதுகுல ஏத்திக்கிட்டுத்தான் இறங்குறேன்,” என்றாள். “போன தடவை கால் வழுக்கி ரெண்டு பேரும் உருண்டோம். இவருக்கு முன்பல்லு ரெண்டும் போச்சு. இனிமே வரமாட்டேன், வீட்டுலயே செத்துப் போறேன்னு அழுதாரு. கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

கடுகுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நாங்கள் உங்கள் பக்கம்தான் என்று சொல்லலாம். அதற்குள் அந்தப் பெண்ணே கேட்டாள்.

“இது கீழ வரைக்கும் போகுமா?”

“போகும்மா,” என்றார் காண்ட்ராக்டர்.

“அப்ப எல்லாரும் வெளிய வாங்க.”

“நாங்களும் கீழதான்…” என்று அதிகாரி இழுத்தார்.

“படி அங்க இருக்கு,” என்றாள் அவள்.

முதலில் காண்ட்ராக்டர் வெளியே வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் நாற்காலியை உள்ளே தள்ளினாள். காண்ட்ராக்டர் கதவைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார். “தொடாதீங்க,” என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். கதவு மூடி லிப்ட் கீழே போனது.

நாலு மாடியையும் அவர்கள் நடந்தே இறங்கினார்கள்.